டீகாவுக்கு இருங்கள், அப்புறம் மலையேறுங்கள்

புரட்டாசி பிறந்தாலே நேபாளத்திலிருந்து கடிதங்கள் கூடிவிடும். அங்கே பள்ளிகளிலும் சுகாதார நிலையங்களிலும் தன்னார்வலர்களாக இருக்கிற நம் பிள்ளைகள், போகத் துடிக்கிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சுற்றி வளைத்துக் கேட்பது ஒன்றைத்தான்: நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைனுக்கு விடும் விடுப்பை என்ன செய்வது? கோர்க்கா மாவட்டத்து மலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் பத்திரிகை ஆசிரியர் அந்தக் கடிதக் கட்டை அப்படியே என்னிடம் தள்ளிவிட்டார்.

லம்ஜுங் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன் அக்கா. வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. விடுப்பு தொடங்கிய அன்றே அன்னபூர்ணா மலைப் பக்கம் போகலாம் என்று மற்ற தன்னார்வலர்கள் கூப்பிடுகிறார்கள். நான் தங்கியிருக்கும் வீட்டு ஆமாவோ (இங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), "டீகாவுக்கு இருக்க மாட்டாயா?" என்று கேட்கிறார். இதற்கு நடுவே, சேவை செய்ய வந்துவிட்டு ஊர் சுற்றுவது சரியா என்றும் மனசு உறுத்துகிறது. என்ன செய்யட்டும்?
— வாசகி, கோயம்புத்தூர் (இப்போது நேபாளம்)

உறுத்தலை முதலில் தூக்கிப் போடுங்கள். பள்ளிக்கூடமே பூட்டிக் கிடக்கும்போது யாருக்குச் சேவை செய்வீர்கள்? தலைமையாசிரியரே கடா விலை பேசப் போயிருப்பார். பண்டிகை நாளில் லேப்டாப்பைத் திறந்து பாடத்திட்டம் எழுதிக்கொண்டிருக்கிற தன்னார்வலரைப் பார்த்தால் ஊர்க்காரர்களுக்குப் பாவமாகத்தான் இருக்கும், மரியாதை வராது.

அடுத்தது, இருப்பதா போவதா. இருங்கள். பெரியவர்கள் நெற்றியில் இட்டு வாழ்த்தும் டீகா வரைக்கும் இருந்துவிட்டு அப்புறம் போங்கள். ஆமா கேட்டது உபசாரத்துக்காக இல்லை. தசைனில் வீட்டோடு இருக்கச் சொல்வது என்றால் உங்களைப் பந்தியில் சேர்த்துவிட்டார்கள் என்று பொருள். கிளம்பிப் போனால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் திரும்பி வரும்போது நீங்கள் பழையபடி விருந்தாளிதான்.

தசைன் பதினைந்து நாள் பண்டிகை, நம் நவராத்திரி தொடங்கும் அன்றே தொடங்கிப் பௌர்ணமியில் முடியும். முதல் நாள் கடஸ்தாபனா. பூஜை அறையில் மணலும் சாணமும் பரப்பி வாற்கோதுமை விதைத்து, வெளிச்சம் படாமல் மூடி வைப்பார்கள். நம் ஊர் முளைப்பாரியேதான். வெயில் படாததால் பச்சை ஏறாமல் வெளிறிய மஞ்சளாக வளரும், அதற்குப் பெயர் ஜமரா. அதன் பிறகு ஆறாம் நாள் வரைக்கும் மலை ஊர்களில் பெரிதாக ஒன்றும் நடக்காது. வீட்டுக்கு மண் பூசுவது, துணி எடுப்பது, காத்மாண்டுவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குவது, ரேடியோவில் மால்ஸ்ரீ இசை ஓயாமல் ஒலிப்பது, இவ்வளவுதான். ஏழாம் நாள் பூல்பாதி. கோர்க்கா அரண்மனையிலிருந்து வாழையும் கரும்பும் இலைகளும் பூக்களும் சேர்ந்த கட்டு காத்மாண்டுவின் பழைய அரண்மனையான ஹனுமான் டோகாவுக்கு ஊர்வலமாகப் போகும். 2008இல் முடியாட்சியே ஒழிந்துவிட்டது, ஆனாலும் பூல்பாதி போவது நிற்கவில்லை.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் வெட்டு. மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, ஊர் முழுக்க ஆடும் எருமையும் வெட்டுவார்கள். பார்க்க முடியாது என்றால் முதல் நாளே வீட்டில் சொல்லிவிட்டு அறைக்குள் இருந்துகொள்ளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நவமியன்று பேருந்து, டிராக்டர், தையல் மெஷின், அரிவாள் எல்லாவற்றுக்கும் பூஜை உண்டு. நம் ஆயுத பூஜையேதான், ஆனால் நாம் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கும் இடத்தில் அவர்கள் ரத்தம் தெளிப்பார்கள்.

பத்தாம் நாள்தான் டீகா. பச்சரிசியைத் தயிரும் செந்தூரமும் சேர்த்துப் பிசைந்து, வீட்டின் மூத்தவர் ஒவ்வொருவர் நெற்றியிலும் அப்புவார். நம் குங்குமம் மாதிரி விரல் நுனியால் இல்லை, கை நிறைய எடுத்து, நெற்றியே தெரியாத அளவுக்கு. காதோரம் ஜமராவைச் செருகுவார். கையில் புது நோட்டு தருவார். கூடவே வாழ்த்து மந்திரம். பெண்களுக்கு "ஜயந்தி மங்களா காளி" என்று தேவி பெயர்களால் சொல்வார்கள். ஆண்களுக்குச் சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஆயுளில் துரோணர் மகனைப்போல, செல்வத்தில் தசரதனைப்போல, கொடையில் கர்ணனைப்போல, அறிவில் விதுரனைப்போல இரு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். நடுவில் மானத்தில் துரியோதனனைப்போல என்றும் ஒரு வரி வரும்! வில்லனுக்குக்கூட வாழ்த்தில் ஒரு பங்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், நம் தெருக்கூத்துக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

பணத்தை வேண்டாம் என்று தள்ளாதீர்கள். பெரியவர் கையால் வருவது தட்சிணை, வாங்கிக்கொண்டு கும்பிட வேண்டும். உங்களைவிடச் சின்னவர்களுக்கு நீங்களும் இட வேண்டிவரும், அதனால் சின்னப் புது நோட்டுகள் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் நட்டுக் கட்டிய பெரிய ஊஞ்சல் ஊர் மைதானத்தில் இருக்கும், லிங்கே பிங் என்பார்கள். தசைனில் ஒரு தடவையாவது கால் தரையை விட்டு எழ வேண்டுமாம். ஏறுங்கள். உங்கள் மாணவர்கள் தள்ளுகிற வேகத்தில் அன்னபூர்ணா அங்கேயே தெரிந்துவிடும்.

டீகாவுக்கு அடுத்த ஓரிரு நாள் கூப்பிட்ட வீடுகளுக்குப் போய்விட்டு, அதற்கப்புறம் பையைத் தூக்குங்கள். டீகா அன்று வண்டியே சரியாக ஓடாது, லாட்ஜ்காரர்களும் தங்கள் வீட்டு டீகாவில் இருப்பார்கள். தவிர, அக்டோபரில் நாள் தள்ளத் தள்ள மழை விலகி மலை துலக்கமாகத் தெரியும். மிச்சமிருக்கும் நாளில் 4,130 மீட்டர் உயரத்து அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு ஓடிப் போய் ஓடி வர நினைக்காதீர்கள், அதற்கு ஒரு வாரமாவது வேண்டும். கோரேபானி போய் 3,210 மீட்டர் பூன் ஹில்லில் சூரிய உதயம் பார்த்துவிட்டு காந்த்ருக் வழியாக இறங்கினால் நிதானமாகப் போய் வரலாம். லம்ஜுங்கிலேயே இருப்பதால் காலே காவ்ன் உங்களுக்கு இன்னும் பக்கம். குருங் மக்களின் ஊர், வீடுகளிலேயே தங்கலாம், சாப்பாடும் அவர்களோடுதான்.

காத்மாண்டுவிலிருந்து பேருந்தில் போவது அவ்வளவு சிரமமா? மகள் அங்கே சுகாதாரத் தன்னார்வலர். பூல்பாதிக்கு முதல் நாள் கிளம்புகிறேன் என்கிறாள்.
— ஒரு அம்மா, திருநெல்வேலி

தீபாவளிக்கு முதல் நாள் கோயம்பேட்டில் நின்று பழகிய உங்களுக்குப் புரியும். காத்மாண்டுவே காலியாகும். அந்த நெரிசலில் கூரை மேல் ஆள் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிற வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கிளம்பச் சொல்லுங்கள், பகல் வண்டியில். இரவுப் பேருந்து வேண்டவே வேண்டாம், அது பெண் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்த கையோடு பண்டிகை வருவதால் சாலைதான் பெரிய கவலை. 2024 செப்டம்பர் கடைசியில், டீகாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெய்த மழையில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள், காத்மாண்டுவுக்கு வெளியே நெடுஞ்சாலையில் நின்ற பேருந்துகளே மண் சரிவில் புதைந்தன. மழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள், டிக்கெட் பணம் போனால் போகட்டும். டீகாவைப் பௌர்ணமி வரை எந்த நாளிலும் இட்டுக்கொள்ளலாம், தாமதமாகப் போனால் ஒன்றும் கெட்டுவிடாது.

கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போவதுதான் என் வழக்கம். தசைனுக்கு முன் எல்லாரும் தலைநகரை விட்டு வெளியேறுவார்கள், பௌர்ணமி சமயம் எல்லாரும் திரும்புவார்கள். மலை ஊரில் இருப்பவர் டீகா முடிந்த மறுநாள் காத்மாண்டு பக்கம் வந்தால் இருக்கை கிடைக்கும், நகரமும் அமைதியாக இருக்கும். பக்கத்துப் பழைய நகரங்களான பாடன், பக்தபூர் சதுக்கங்களை நின்று பார்க்க அதைவிட நல்ல நேரம் வருஷத்தில் கிடையாது.

நான் சுத்த சைவம். தசைனில் பட்டினியா?
— வாசகர், கும்பகோணம்

பட்டினி போட விட்டால்தானே! பருப்பும் சோறும் எல்லா வீட்டிலும் உண்டு, கூடவே கீரை, உருளைக்கிழங்கு, ஊறுகாய், குந்த்ருக் என்கிற புளிக்க வைத்துக் காயவைத்த கீரையில் ஒரு சாறு. அரிசி மாவில் வளையம் வளையமாகச் சுடும் சேல் ரொட்டி தட்டு தட்டாக வரும். "ம மாசு காந்தின" என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். சாறு மட்டும் ஊற்றட்டுமா என்று அப்பவும் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொல்லுங்கள்.

மகன் போக்ராவுக்கு அருகே ஒரு பள்ளியில் தன்னார்வலராக இருக்கிறான். அவன் விடுப்பில் இருக்கும்போது நானும் என் மனைவியும் போய் அவனோடு முக்திநாத் சேவிக்க ஆசை. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. முடியுமா?
— வாசகர், ஸ்ரீரங்கம்

தாராளமாக. திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் என்று நம் வைணவர்கள் சேவிப்பது முக்திநாத்தைத்தானே. 108 திவ்ய தேசங்களில் மகன் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று அமைவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆனால் ஒன்று, கோயில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போக்ரா 800 மீட்டர்தான். காலையில் போக்ராவில் ஜீப் ஏறி மாலையில் கோயிலில் நிற்கலாம் என்று பயண ஏற்பாட்டாளர்கள் சொல்வார்கள், சாலை அதற்கு இடம் தரும், உங்கள் உடம்பு தராது. தலைவலி, வாந்தி, மூச்சுவாங்கல் என்று படுத்துவிட்டால் சேவிப்பது எங்கே?

பேனி, தாதோபானி, மார்ஃபா வழியாகப் போகிற பாதையில் ஒரு இரவாவது நடுவில் தங்குங்கள், இரண்டு இரவு என்றால் இன்னும் நல்லது. தாதோபானியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, மார்ஃபாவில் ஆப்பிள். 2,700 மீட்டரில் இருக்கும் ஜோம்சோமில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தாலே பாதி வேலை முடிந்தது. மலைநோய்க்கு மாத்திரை வேண்டுமா என்று ஊரிலேயே உங்கள் டாக்டரைக் கேளுங்கள், ரத்த அழுத்தம், இதயம் இரண்டையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானமும் உண்டு, இருபது நிமிஷம்தான். ஆனால் காலையில் மட்டும் பறக்கும், ஏனென்றால் முற்பகல் கழிந்ததும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று ஆளைத் தள்ளுகிற வேகத்தில் அடிக்கத் தொடங்கிவிடும். மேகம் வந்தால் ரத்து. திரும்பும் நாளுக்கும் ஊர் ரயிலுக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

வண்டி கோயிலுக்குக் கீழே இருக்கும் ராணிபௌவா ஊர் வரை போகும். அங்கிருந்து ஏற்றம், படிகள். நடக்க முடியாதவர்களுக்குக் குதிரை கிடைக்கும். கோயிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 நீர்த்தாரைகள் மாட்டு முகத்திலிருந்து கொட்டும், பனி உருகி வரும் தண்ணீர். இளசுகள் ஒவ்வொன்றிலும் தலையைக் கொடுத்துக்கொண்டே ஓடுவார்கள். நீங்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், பெருமாள் கோபிக்க மாட்டார். பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலம், பௌத்தத் துறவிப் பெண்கள் பரம்பரையாகக் கோயிலைப் பராமரித்து வருகிறார்கள். பக்கத்து மடாலயத்தில் ஜ்வாலா மாயி, பாறை இடுக்கில் வாயுவால் எரியும் சின்ன நீலச் சுடர், அதையும் பார்க்காமல் வராதீர்கள்.

விமானத்தில் நேபாளம் போவதென்றால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விசா வேண்டாம் என்பதால் ஆதார் போதும் என்று நினைத்து விமான நிலையத்தில் தவிக்கிறவர்கள் நிறைய. ரயில் என்றால் கோரக்பூர், அங்கிருந்து சோனௌலி எல்லை. நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது 1993இலிருந்து மாறாத கணக்கு. கையில் 100 ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொள்வது எப்போதும் வசதி. மகனிடம் விடுப்பு எப்போது முடிகிறது என்று கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். உங்களுக்காக அவன் பள்ளிக்கு மட்டம் போடும்படி ஆகக் கூடாது.

நான் கிறிஸ்தவர். நெற்றியில் டீகா இட்டுக்கொள்ளச் சொன்னால் எப்படி மறுப்பது?
— வாசகி, நாகர்கோவில்

விருப்பமில்லை என்றால் "ஆசீர்வாதம் மட்டும் போதும் ஆமா" என்று கும்பிட்டு நில்லுங்கள், தலையில் கை வைத்து வாழ்த்துவார்கள். நேபாளத்தில் இது புதிசு இல்லை. அங்கே எல்லாருமே தசைன் கொண்டாடுவதில்லை. கிழக்கு மலைப் பழங்குடிகளான கிராத மக்களிலும் பௌத்தர்களிலும் இதை இந்து அரசு திணித்த பண்டிகை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, சிவப்பு சேர்க்காமல் வெள்ளை டீகா மட்டும் இடும் மகர், லிம்பு வீடுகளும் உண்டு. வீட்டில் சாவு விழுந்த வருஷம் டீகாவே இடாத குடும்பங்களும் உண்டு. அதனால் யாரைப் பார்த்தாலும் "தசைன் வாழ்த்துகள்" என்று ஓடிப்போய்ச் சொல்வதற்கு முன் அந்த வீட்டு வழக்கம் என்ன என்று சக ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிப்படையாகக் கேட்கிறேன் அக்கா, டீகா அன்று மாதவிலக்காக இருந்தால்?
— வாசகி, மதுரை

கேட்டது நல்லது. பாஹுன் (பிராமணர்), சேத்ரி (சத்திரியர்) வீடுகள் பலவற்றில் அந்த நாட்களில் அடுக்களைக்கும் பூஜை அறைக்கும் போகக் கூடாது, டீகாவும் கிடையாது. வீட்டு அக்காவிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், பௌர்ணமிக்குள் இன்னொரு நாளில் இடுவார்கள், வீட்டுப் பெண்களுக்கும் அப்படித்தான். இதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் பண்டிகை அன்று அடுத்தவர் அடுக்களையில் நின்றுகொண்டு சண்டை போடுவதைவிட, விடுப்பு முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பெண்களோடு உட்கார்ந்து பேசுவது பலன் தரும். தூர மேற்கில் பெண்களைக் கொட்டகைக்கு அனுப்பும் சௌபடி வழக்கம் வேறு, அதைக் குற்றமாக்கி 2017இலேயே சட்டம் வந்துவிட்டது. உங்களை யாராவது மாட்டுக் கொட்டிலில் படுக்கச் சொன்னால் சட்டென்று மறுத்துவிட்டு உங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு போன் போடுங்கள்.

இந்தியர் என்றால் அங்கே பிடிக்காதாமே?
— வாசகர், ஈரோடு

ஆளைப் பிடிக்கும், அரசாங்கத்தின் மேல்தான் கோபம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஒன்பதாயிரம் பேர் வரை இறந்தார்கள். வீடு இழந்தவர்கள் தகரக் கொட்டகையில் இருக்கும்போதே செப்டம்பரில் இந்திய எல்லை அடைபட்டது. நாகாபந்தி என்று இன்றைக்கும் சொல்வார்கள். மாதக்கணக்கில் எரிவாயு இல்லை, பெட்ரோல் இல்லை. அந்த வருஷத் தசைனுக்கு விறகடுப்பில் சமைத்த கதையைக் கோர்க்காவில் கேட்காத வீடு இல்லை. அதற்கு இந்தியாதான் காரணம் என்பது அவர்கள் எண்ணம், எல்லையில் போராடிய மாதேசிகள் என்கிற நேபாளச் சமவெளி மக்கள்தான் என்பது தில்லியின் பதில். நீங்கள் தில்லிக்கு வக்காலத்து வாங்க வேண்டாம், காது கொடுத்துக் கேளுங்கள். புத்தர் எங்கே பிறந்தார் என்று யாராவது கேட்டால் லும்பினி என்று சொல்லிவிட்டு, லும்பினி நேபாளத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டீ தானாக வரும்.

திஹார் என்றால் நம் தீபாவளிதானே, அதற்கும் இருக்க வேண்டுமா? நாய்க்கு மாலை போடுவார்களாமே?
— வாசகி, சென்னை

தசைனா திஹாரா என்று என்னைக் கேட்டால் திஹார் என்றுதான் சொல்வேன். டீகா முடிந்து மூன்று வாரத்துக்குள் வந்துவிடும். பல ஊர்களில் நடுவே பள்ளி சில நாள் திறந்து மறுபடி மூடும், சில இடங்களில் ஒரேயடியாக விட்டுவிடுவார்கள், ஊருக்கு ஊர் மாறும். முதல் நாள் காக்கைக்கு. அமாவாசைக்கு அமாவாசை கூரையில் சோறு வைக்கிற நமக்கு அது புதிசு இல்லை. மறுநாள் நாய்க்கு. வீட்டு நாய், தெரு நாய், போலீஸ் நாய் எல்லாவற்றுக்கும் சாமந்தி மாலையும் டீகாவும். நேற்றுவரை கல்லால் அடிபட்ட தெருநாய் நெற்றியில் சிவப்போடு கடைவாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அப்புறம் பசு, லட்சுமி பூஜை. நம்மைப்போல வெடிக்குப் பெரிய இடமில்லை, விளக்கும் பாட்டும்தான். பெண்கள் பைலோ பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள், அடுத்த நாள் ஆண்கள் பாடும் தேவ்ஸி. வீட்டுக்காரர்கள் அரிசியும் சேல் ரொட்டியும் பணமும் தருவார்கள். ஊர் இளைஞர் மன்றங்கள் இப்படிச் சேர்த்த காசில் பள்ளிக்குச் சாமான் வாங்குவதும் உண்டு. அப்படி ஒரு குழு உங்களைக் கூப்பிட்டால் கூச்சப்படாமல் போய் ஆடுங்கள், தன்னார்வலர் அந்த ராத்திரி செய்யக்கூடிய உருப்படியான வேலை அதுதான்.

ஐந்தாம் நாள் பாயி டீகா, அக்கா தங்கைகள் சகோதரர்களுக்கு இடுவது. நான் இருந்த வீட்டில் மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள், வரவில்லை. கடைசிப் பையனுக்கு என்னை இடச் சொன்னார்கள். அவனை உட்கார வைத்துக் கடுகெண்ணெயில் அறுகம்புல்லைத் தோய்த்துச் சுற்றிலும் வட்டம் போட வேண்டும், எமன் தாண்டி வரக் கூடாதாம். வாசற்படியில் வால்நட்டை வைத்துக் கல்லால் ஒரே அடியில் உடைக்க வேண்டும். எனக்கு அது தெறித்து ஆட்டுக்கொட்டிலுக்குள் போய்விட்டது, வீடே சிரித்தது. அப்புறம் நெற்றியில் மேலிருந்து கீழாக ஏழு நிறப் பொட்டுகள், கழுத்தில் வாடாமல்லி மாலை. மூத்த மகன் கத்தாரில். அவனுக்கு போன் திரையில்தான் டீகா காட்டினோம். காத்மாண்டுவில் உடன்பிறப்பு யாரும் இல்லாதவர்கள் ராணிப் போக்ரி குளத்தின் நடுவிலிருக்கும் கோயிலுக்குப் போவார்கள், அது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் திறக்கும். இன்னும் நாள் மிச்சமிருந்தால் சூரியனை வணங்கும் சட் பூஜைக்கு ஜனக்பூர் போங்கள், சீதையின் ஊர்.

மலையேற இந்தியருக்கும் அனுமதி வேண்டுமா? வழிகாட்டி கட்டாயமா?
— வாசகர், சேலம்

வேண்டும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் போக இந்தியா உள்ளிட்ட தெற்காசிய (சார்க்) நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. ஜீப்பில் முக்திநாத் போனாலும் அந்தப் பகுதிதான். 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவர் மலைப்பாதைகளில் வழிகாட்டி இல்லாமல் நடக்கக் கூடாது என்று விதி. எல்லாச் சோதனைச்சாவடியிலும் ஒரே மாதிரி கேட்பதில்லை என்பது உண்மை, ஆனாலும் தனியாகப் போகாதீர்கள். உங்கள் பள்ளியில் பழைய மாணவர் யாராவது உரிமம் பெற்ற வழிகாட்டியாக இருப்பார், அவருக்கு அந்தக் கூலி போகட்டுமே. உங்கள் அமைப்பின் காப்பீடு எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்பதையும் படித்துப் பாருங்கள், பலருடையது நடுவழியிலேயே நின்றுவிடும்.

பண்டிகையும் பார்க்கலாம், அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் சேவையும் செய்யலாம், மலையேற்றமும் உண்டு என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். சேரலாமா?
— வாசகர், பெங்களூரு

வேண்டாம். பண்டிகை பார்க்க வேண்டுமா, சுற்றுலாப் பயணியாகப் போய் நல்ல வீட்டில் காசு கொடுத்துத் தங்குங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. நேபாளத்து இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். படிப்பு கிடைக்கும் என்று தரகர்கள் ஆசை காட்டி மலையிலிருந்து கூட்டி வந்த பிள்ளைகள் அவர்கள். வெளிநாட்டவர் பணம் கொடுத்து வரவர இல்லங்களும் பெருகும். தசைனுக்கு நாடே வீட்டுக்குப் போகும்போது அந்தப் பிள்ளைகள் மட்டும் வீட்டுக்குப் போகாமல் உங்களுக்காக ஆடிக் காட்டுவார்கள். அதற்கா காசு கட்டுவீர்கள்?

ரக்சி குடிக்கலாமா?
— பெயர் வேண்டாம், புதுச்சேரி

வீட்டில் காய்ச்சிய சாராயம், தண்ணீர் மாதிரி தெரியும், தண்ணீர் இல்லை. உங்கள் மாணவரின் தாத்தா ஊற்றினால் ஒன்றோடு கோப்பையைக் கையால் மூடிவிடுங்கள். மூடாத கோப்பையை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள்.

பள்ளி ஞாயிறன்று திறக்கிறது. முதல் வாரம் யாருமே வர மாட்டார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இன்னும் நாலு நாள் ஜோம்சோம் இருக்கும் முஸ்தாங் மாவட்டத்திலேயே இருந்துவிட்டு வரலாமா அக்கா?
— வாசகர், தர்மபுரி (இப்போது நேபாளம்)

அங்கே வழக்கமான வார விடுமுறை சனிக்கிழமை, உங்கள் பள்ளி ஞாயிறு திறக்கிறது என்றால் ஞாயிறு பத்து மணிக்கு அங்கே இருங்கள். பாதிப் பிள்ளைகள் மாமா வீட்டிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள், ஆசிரியர்களிலும் சிலர் வர மாட்டார்கள், அதெல்லாம் உண்மைதான். ஆனால் வருகிற பாதிப் பேர் யார்? மாமா வீட்டுக்குப் போக வசதி இல்லாதவர்கள், கூட்டிப் போக ஆள் இல்லாதவர்கள். மற்ற நாளில் பின்பெஞ்சில் காணாமல் போகிற பிள்ளைகள் அவர்கள்தான். நிறைந்த வகுப்பில் யாருக்குப் பின்னம் புரியவில்லை என்று எனக்குத் தெரிய வந்ததே இல்லை, அந்த வாரத்தில்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்க முடிந்தது. ஆங்கிலம் சொல்லித் தருகிறவராக இருந்தால் இன்னும் சுலபம், தசைனில் என்ன சாப்பிட்டாய், யார் வந்தார்கள், ஊஞ்சலில் யார் விழுந்தார்கள் என்று பேச வைத்தாலே இறந்தகாலம் முழுக்க நடத்தி முடித்துவிடலாம்.

தவிர, நீங்கள் ஒப்புக்கொண்டது திறக்கும் நாளில் வருவதாகத்தானே. உள்ளூர் ஆசிரியர் தாமதமாக வந்தால் அவருக்கு ஊர்க் காரணம் இருக்கும், கேட்பவர்களும் ஊர்க்காரர்கள். நீங்கள் தாமதமானால் வெளிநாட்டுக்காரர்கள் சுற்றிப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று உங்களுக்குப் பின்னால் வருகிறவர் தலையிலும் சேர்த்து எழுதிவிடுவார்கள். வியாழக்கிழமையே ஜோம்சோமை விட்டு இறங்குங்கள், வெள்ளிக்கிழமை போக்ராவில் துணி துவைத்துப் போட்டுவிட்டு சனிக்கிழமை ஊர் போய்ச் சேருங்கள். மார்ஃபா ஆப்பிள் ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள், தலைமையாசிரியருக்குத் தனியாக இரண்டு கிலோ. திஹாருக்கு ஒரு நாள் கூடுதல் விடுப்பு கேட்கும் எண்ணம் இருந்தால் மூன்று கிலோ.